பரவும் வேகமும் நம் சட்டமும்

2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. உள்ளே இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று கூட்டம் சேர்ந்து அடித்ததில் அவர் இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் அப்போது அந்த வதந்திதான் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 1-இல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே சந்தேகத்துக்கு ஐந்து பேர் பலியானார்கள்.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. முடிவில் வரும் விளக்கத்தை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளை இதற்குப் பொருத்திப் பாருங்கள். கடும் குற்றங்களில், முதலில் அனுப்பியவர் யார் என்று விதி 4(2) கேட்கிறது. அவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரையே அந்த இடத்தில் வைக்கிறது. அப்படிச் சிக்குபவர், பயந்துபோய்ச் சொந்தக்காரர் குழுவுக்கு 'ஜாக்கிரதை' என்று அனுப்பிய ஒருவராகவே இருக்கக்கூடும். (அவருக்கு ஜாமீன் மனு போடப்போவதும் வழக்கறிஞர்களான நாம்தான்.) ஒருவரைத் தேட எல்லோருடைய அந்தரங்கத்தையும் திறக்க வேண்டியிருக்கும் என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபித்தது. நிறுவனத்தின் உள்நோக்கம் எதுவானாலும், ஆட்சேபத்தில் வலு இருக்கிறது.

உண்மையில் வேகத்தைக் குறைத்தது வேறொன்று. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்திகளுக்கு அந்த வரம்பு ஒன்றானது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாருடைய பேச்சும் நீக்கப்படவில்லை. ஆனால் இதைச் செய்யும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாளை அந்த வரம்பை எடுத்துவிட்டாலும் கேட்க நம்மிடம் பிரிவு இல்லை.

நம் சட்டங்கள் பேச்சைத் துரத்தியே பழகிவிட்டன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. எது பொய் என்று அரசே சொல்லும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை மும்பை உயர் நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. இரண்டும் சரியான தீர்ப்புகள் என்பதே எம் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம் வேறு பாதையில் போகிறது. 4.5 கோடி பயனர்களைத் தாண்டும் தளங்கள், தங்கள் வடிவமைப்பால் சமூகத்துக்கு வரும் ஆபத்தை ஆண்டுதோறும் மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும். தவறினால் உலகளாவிய வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். ஒன்றியத்தின் ஒவ்வொரு அதிகாரபூர்வ மொழிக்கும் எத்தனை மதிப்பாய்வாளர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும்.

பொதுநல மனு தயாரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இந்தப் பதிவை நீக்க வேண்டும்' என்ற கோரிக்கையோடு மனுவை முடித்துவிடாதீர்கள். பகிர்வு வரம்பைக் கேளுங்கள். ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். தமிழ்ப் பதிவுகளைப் படித்துப் பார்க்க சம்பந்தப்பட்ட நிறுவனத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.