விஸ்கி வடிசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

போன மாதம் லாசாலில் இருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். கோடை விடுமுறைக்கு ஆர்வி ஒன்று வாடகைக்கு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் இறங்கப் போகிறார்களாம். கணவருக்குக் கென்ரக்கி, ரெனசிப் பக்கம் விஸ்கி வடிசாலைகளைப் பார்க்க ஆசை. பிள்ளைகளுக்குப் பத்தும் பதின்மூன்றும் வயது. "குடியைக் காட்டவோ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறியள் எண்டு மாமி பேசுறா. நீங்கள் போனனீங்கள்தானே, என்ன சொல்லுறியள்?"

ஓம், போனனாங்கள். 2023 ஆடி மாதம், நானும் கணவரும் ரெண்டு பிள்ளையளும் அம்மாவும். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 2025 மார்ச்சில் வரிச் சண்டை தொடங்க, கியூபெக் அரசு சொல்லி எஸ்ஏகியூ கடைகளில் அமெரிக்கப் போத்தல்களை எல்லாம் தட்டில் இருந்து இறக்கினார்கள். எல்லை தாண்டிப் போவதா விடுவதா என்பது உங்கள் வீட்டு முடிவு, அதற்குள் நான் வரவில்லை. மாமியின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குடியைப் பார்க்க எங்கட பிள்ளையள் கென்ரக்கிக்குப் போகத் தேவையில்லை. சாமத்தியவீட்டு ஹோலுக்கு வெளியே, கார்கள் நிற்கிற இடத்தில், டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கோப்பையோடு நிற்கிற மாமாமாரை அதுகள் நாலு வயதிலேயே பார்த்துவிட்டன. எங்கட வீட்டில் சில்லறைக் காசு கிடப்பதும் கிரவுண் றோயலின் ஊதாப் பைக்குள்தான். 1939இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் அரசியும் கனடாவுக்கு வந்தபோது அவர்களுக்கென்று சீகிராம் கம்பனி செய்த விஸ்கி அது. அந்தக் கம்பனியின் தலைமையகம் எங்கட பீல் வீதியில், 1928இல் கட்டிய கோட்டை மாதிரியான கட்டிடம். இப்போது மெக்கில் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அதைக் கட்டிய புறொன்ஃப்மன் குடும்பம் 1924இல் வடிசாலை திறந்தது வாசகி இருக்கிற அதே லாசாலில். அமெரிக்கா முழுக்க 1920இல் இருந்து 1933 வரை மதுவிலக்கு. கியூபெக்கோ 1921இலேயே மது விற்பனையை அரசாங்கமே பொறுப்பெடுத்து நடத்தத் தொடங்கிவிட்டது. தெற்கே தாகம், வடக்கே போத்தல். அந்தக் காலத்து மொன்றியல் பணக்காரர் சிலரின் கதை அதுதான். அதனால், ஆர்வி எடுக்க முதல் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பீல் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கட்டிடத்தைக் காட்டுங்கோ. செலவில்லை.

பயண விபரம் கொஞ்சம். மொன்றியலில் இருந்து 401இல் ரொறொன்ரோ, வின்சர், பிறகு டிற்றோயிற், சின்சினாற்றி தாண்டி லூயிவில் போக ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர். நாங்கள் மூன்று நாளில் போனோம். ஒரே நாளில் பத்து மணித்தியாலம் ஆர்வி ஓட்டலாம் என்று நினைக்கிற ஆம்பிளையளை நம்பாதேங்கோ. வடிசாலைச் சுற்றுகள் பலவற்றில் பிள்ளைகளை விடுவார்கள், ஆனால் சுவைக்கிற இடம் 21 வயதுக்கு மேல்தான். எங்கட பதினெட்டு அங்கே செல்லாது. இடத்துக்கு இடம் விதி மாறும், பதிவு செய்யும்போதே பாருங்கோ. ஓட்டுகிறவர் சுவைக்கக் கூடாது, அதில் பேச்சில்லை. எங்கட வீட்டில் அந்த ஆள் நான்தான், மனுசனுக்கு நல்ல வசதி. 48 மணித்தியாலம் வெளியே நின்று திரும்பினால் ஆளுக்கு 1.14 லீற்றர் தீர்வையில்லாமல் கொண்டு வரலாம். ரைஸ் குக்கரை மறக்காதேங்கோ.

கென்ரக்கியில் பிள்ளைகளுக்குப் பிடித்தது விஸ்கியைச் சுற்றி நடக்கிற விசயங்கள். ஊறப்போட்ட சோளம் பெரிய தொட்டிகளில் தானே கொதிக்கிற மாதிரிக் குமிழிவிடும், மணம் தோசைமாவு புளிக்கிற மணம். மகன் மூக்கைப் பொத்தவில்லை, "அம்மம்மாவின்ர அடுப்படி" என்றான். போர்பன் என்ற பெயரைப் போடவேண்டும் என்றால் தானியத்தில் 51 வீதமாவது சோளம் இருக்கவேண்டும், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடக்கவேண்டும். ஒருமுறை பாவித்த பீப்பாயில் திரும்பப் போர்பன் ஊற்ற முடியாது, அதனால் அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்கொட்லாந்து வரை போகின்றன. பண்டகசாலையில் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் வருசாவருசம் கொஞ்சம் ஆவியாகிப் போகும், அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். அந்த ஆவியைத் தின்று வளர்கிற ஒரு கறுப்புப் பூஞ்சணம் சுற்றியிருக்கிற மரம், சுவர், வேலி எல்லாவற்றிலும் கரி பூசினமாதிரிப் படிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பெரிய கரைச்சல். லொறெற்றோவில் மேக்கர்ஸ் மார்க் போத்தல்களைச் சிவப்பு மெழுகில் முக்கி எடுக்கிறதைப் பார்த்துக்கொண்டே மகன் அரைமணித்தியாலம் நின்றான். வழியில் மமத் குகையையும் விடாதேங்கோ.

ஆனால் நான் இதை எழுதுவதற்குக் காரணம் லிஞ்ச்பேர்க்.

லூயிவிலில் இருந்து தெற்கே நாஷ்வில் தாண்டி, ரெனசி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஜாக் டானியல் வடிசாலை இருப்பது அங்கே. உலகம் முழுக்கப் போகிற விஸ்கி அங்கே வடிக்கிறார்கள், ஆனால் அந்த மாவட்டம் மதுவிலக்கு மாவட்டம். வடித்த விஸ்கியைப் பீப்பாயில் ஊற்ற முதல் பத்து அடி உயரக் கரிக்குள் சொட்டுச்சொட்டாக இறக்குவார்கள். அந்தக் கரி சுகர் மேப்பிள் மரத்தை எரித்து எடுப்பது. மேப்பிள் என்றதும் எங்கட ரெண்டும் கையை உயர்த்தின. மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடத்தோடு சீனிக் குடிலுக்குப் போய்ப் பனியில் பாகு ஊற்றித் தின்ற பிள்ளையள் அல்லவா.

அங்கேதான் நியரஸ்ட் கிறீன் என்ற பெயரைக் கேட்டோம். ஜாக் டானியல் பையனாக இருந்தபோது டான் கோல் என்ற பிரசங்கியாரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பிரசங்கியாருக்கு விஸ்கி வடிக்கும் தொழிலும் உண்டு. அங்கே வாலையில் நின்றவர் நியரஸ்ட். அடிமை. வேறொருவரின் உடைமையாக இருந்து, கூலிக்குக் கொடுக்கப்பட்ட ஆள். ஜாக்குக்கு வடிக்கப் பழக்கியது அவர். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபின், ஜாக் டானியல் தன் வடிசாலையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைமை வடிப்பாளராக நியரஸ்ட் இருந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே வேலை செய்தார்கள். 1967இல் வந்த ஜாக்கின் வாழ்க்கை வரலாற்றிலேயே இதெல்லாம் இருந்தது. ஆனால் வடிசாலையைப் பார்க்க வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2016இல் கம்பனி தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது, ஃபோன் வீவர் என்ற எழுத்தாளர் தேடிக்கொண்டு போனார், 2017இல் கம்பனி அவரைத் தன் முதல் தலைமை வடிப்பாளர் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது. அவர் பெயரில் இப்போது அரைமணித்தியாலத் தூரத்தில் ஷெல்பிவிலில் தனி வடிசாலையே இருக்கிறது. நியரஸ்ட்டின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு பழைய படத்தில் ஜாக்குக்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்பினத்தவர் அவருடைய மகன் ஜோர்ஜாக இருக்கலாம் என்கிறார்கள்.

"அங்கிள் நியரஸ்ட்" என்று ஊரில் கூப்பிட்டார்களாம். மகளுக்கு அது நல்லாகப் பட்டது. எங்களுக்கு அங்கிள் என்றால் மரியாதை, பஸ் ஓட்டுகிறவர்கூட அங்கிள்தான். வயதான கறுப்பினத்தவரை "மிஸ்ரர்" என்று சொல்ல மனம் வராத வெள்ளையர்தான் அந்த நாட்டில் "அங்கிள்" என்றார்கள் என்பதை அவளுக்கு விளக்கவேண்டி வந்தது. அவள் நெடுநேரம் பேசவில்லை.

அன்று இரவு ஆர்விக்குள் அம்மா சோறு போட்டுக்கொண்டிருக்க, மகள் கேட்டாள்: "அம்மம்மா, உங்கட ஊரில கள்ளு ஆர் செய்தவை?"

"பனைதான் செய்தது. முட்டி கட்டினா ஊறும், வச்சாப் புளிக்கும். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினாப் புளிக்காது, அது கருப்பநீர். அதைக் காய்ச்சினாத்தான் பனங்கட்டி." அம்மா விஞ்ஞானப் பாடத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

"மரத்தில ஆர் ஏறினது?"

"சீவிறவன் வருவான்."

"அவருக்குப் பேர் இல்லையோ?"

அம்மா அகப்பையை வைத்துவிட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காலையிலும் பின்னேரமும் வருவான். காலில் தளைநார், இடுப்பில் கத்தி. ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று எண்ணினதில்லை. எங்கட தாத்தாவைவிட வயது கூட. ஆனால் அம்மாவும் தம்பிமாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வா போ என்றுதான் கதை. அவரோ எட்டு வயதுப் பிள்ளையான அம்மாவை "நாச்சியார்" என்பார். கிணற்றுக் கயிற்றைத் தொடமாட்டார், யாராவது அள்ளி வார்க்கவேண்டும். தேத்தண்ணி சிரட்டையில். "பனங்கட்டிக் குட்டான் ஒண்டு எனக்கெண்டு தனியாக் கொண்டு வருவார்," என்று முடித்தார். "அவன்" என்று தொடங்கிய கதை "அவர்" என்று முடிந்ததை அம்மா கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள். அந்தப் பெயரையும் அம்மா சொன்னார். இங்கே எழுதவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கேயோ இருப்பார்கள். பார்க் எக்ஸ்ரென்சனில் எங்களோடு ஒரே கடையில் மீன் வாங்குகிறவர்களாகக்கூட இருக்கலாம்.

மாமிக்குச் சொல்லுங்கோ, வடிசாலையில் பிள்ளையள் குடிக்கப் பழகாது. கேள்வி கேட்கப் பழகிக்கொண்டு வரும், அதுதான் பிரச்சினை. எங்கட தலைமுறைக்கு இதை ஆரும் சொல்லித் தரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவிடச் சொல்லி நடந்த போராட்டத்தைப் பற்றி நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் வாசித்தேன். கே. டானியலின் "பஞ்சமர்" நாவலும் அப்பிடித்தான். சண்டைக் கதை, கப்பல் கதை, அகதிக் கதை எல்லாம் வீட்டில் கேட்டோம், சாதிக் கதை மட்டும் "ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்ற கேள்விக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கலியாணப் பேச்சு வரும்போதுதான் அந்த மடிப்பு விரியும். இருபத்தைந்து வயதில் அப்பிடித் தெரிந்துகொள்வதைவிட, பன்னிரண்டு வயதில் அம்மம்மாவின் வாயால், சோறு சாப்பிட்டுக்கொண்டு தெரிந்துகொள்வது நல்லது என்பது என் எண்ணம். அமெரிக்காக்காரன் தன் கதையைச் சொல்ல நூற்றைம்பது வருசம் எடுத்தான், சொல்லும்போதும் போத்தல் விற்கிறான், அது வேறு. ஆனால் சுற்றிக் காட்டுகிறவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.

அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆர்வியில் ஒரு படுக்கை கூட வேணும், அவ்வளவுதான். கேள்வி வரும்போது ரேடியோவைப் போடாதேங்கோ.

நாங்கள் வருகிற ஆவணியில் யாழ்ப்பாணம் போகிறோம். மகள் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் நல்லூருக்குக் கீழே வடமராட்சியில் திக்கம் என்று எழுதி வைத்திருக்கிறாள். பனஞ்சாராயம் வடிக்கிற சாலை அங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துவிட்டாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தானும் வாறன் என்கிறார்.