விறகா, கேஸா? ஊதாங்குழல் யார் கையில?

போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து அக்கா மகன் போன் பண்ணினான். மாடி வீடு வாங்கியிருக்கான். மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை கோழி சுட்டுத் திங்கணுமாம். "மாமா, கேஸ்ல ஓடுற பார்பிக்யூ வாங்கவா, விறகு கரி போட்டு எரிக்கிறது வாங்கவா? நீங்கதான் கரி பத்தித் தெரிஞ்ச ஆளு"ன்னு கேட்டான். எங்க ஊர்ப் பக்கம் கரிமூட்டம் போடுறது பரம்பரைத் தொழில் மாதிரி ஆயிருச்சுல்ல, அதனால. சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காத்து அளவாப் போற மாதிரி ஓட்டை வெச்சு, நாள் கணக்குல புகைய விட்டா கரி. நாலஞ்சு பங்கு விறகு போட்டா ஒரு பங்கு கரி தேறும். நீங்க நகரத்துல பாக்கெட்ல வாங்குற கரியில எங்க ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைச் சீமை வேலிக்கருவையும் இருக்கும்.

அவனுக்குச் சட்டுன்னு பதில் சொல்லிட்டு வெச்சிருக்கலாம். சொல்ல முடியல. இதே கேள்வி எங்க வீட்டு அடுப்படியில பதினஞ்சு வருசமா நடந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு நாங்க கொடுத்த விலை வேற.

2007-ல தமிழ்நாட்டு அரசு இலவச கேஸ் அடுப்புத் திட்டம் தொடங்குச்சு. எங்க ஊருக்கு வந்து சேர ரெண்டு வருசம் ஆச்சு. வந்த அடுப்பை அம்மா அட்டைப்பெட்டியோட பரண்ல ஏத்தி வெச்சிட்டாங்க. விருந்தாளி வந்தா காப்பி போட மட்டும் இறங்கும். "காட்டுல வெறகு சும்மா கெடக்கு, காசை எதுக்குடா எரிக்கணும்"ம்பாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. பருத்தி எடுத்து முடிச்சா மார் மலை மாதிரி கெடக்கும். துவரைமார், வேலி ஓரத்துக் கருவை, புளியமரம் கழிச்சா கட்டை. இவ்வளவையும் வெச்சுக்கிட்டு சிலிண்டருக்குப் பணம் கட்டுறது ஏமாளித்தனம்னு நானும் நெனச்சவன்தான். அதோட விறகடுப்புச் சோத்து ருசியே தனின்னு ஊர் பூரா பேசிக்கிட்டுத் திரிஞ்சவன். இந்தப் பக்கத்துலயே முன்னாடி அப்படி எழுதியிருக்கேன். படிச்சவங்க ஞாபகம் வெச்சிருந்தா மன்னிச்சிருங்க.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசி அடைமழையில அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. இருமல் முன்னாடியே உண்டு. வயசாச்சு, சளின்னு கசாயம் வெச்சுக் குடுத்தோம். டவுன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னாங்க. பாத்துட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பாட்டி, பீடி, சுருட்டு ஏதும் பழக்கம் உண்டா?"

அம்மாவுக்கு வந்த கோவம் இருக்கே! வெத்தலைகூடப் போடாத மனுசி. அப்புறம் டாக்டர் என்னைப் பாத்து, "வீட்டுல என்ன அடுப்பு?"ன்னு கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு எழுத ஆரம்பிச்சிட்டார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. பீடி குடிக்கிற ஆம்பளைக்கு வர்ற அதே நோவு, அம்பது வருசம் அடுப்பு ஊதின பொம்பளைக்கும் வருமாம். போன சுருக்கம் திரும்பி வராது, இனி மேல போகாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான். அன்னைல இருந்து உறிஞ்சுற மருந்து ரெண்டு வேளை.

வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தேன். வீட்டுக்குள்ள எரிக்கிற விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால 2020-ல மட்டும் உலகத்துல ஏறக்குறைய 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. எங்க ஊர்லயே எண்ணிப் பாருங்க, இளைப்பு இளைப்புன்னு கெடந்து போன கெழவிக எத்தனை பேர். யாருக்கும் அடுப்புன்னு காரணம் எழுதல. 'வயசாயிருச்சு'ன்னுதான் எழுதினோம்.

புகை வேணாம்னு அரசாங்கமும் முயற்சி பண்ணாம இல்ல. 1983-ல மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்துச்சு. எங்க தெருவுலயும் மண்ணுல அடுப்புப் போட்டு, சிமெண்ட் குழாயைக் கூரை வழியா வெளிய விட்டுக் குடுத்தாங்க. குழாய்ல கரி அடைச்சா யார் குத்தி எடுக்குறது? ரெண்டு மழைக்கு ஓட்டை வழியா தண்ணி ஒழுகுச்சு, அம்மா சாக்கை வெச்சு அடைச்சுட்டாங்க. புகை பழையபடி அடுப்படிக்குள்ள.

இப்ப ருசிக்கு வருவோம், ஏன்னா சண்டை பூரா அங்கதான். போன தீவாளிக்கு வீட்டுல ஆள் நிறைய. சித்தப்பா விறகடுப்புக் கட்சி. என் வீட்டுக்காரம்மா கேஸ் கட்சி. சரி பாத்துருவோம்னு ஒரே நாட்டுக்கோழியை ரெண்டாப் பிரிச்சு, ஒரே அம்மியில அரைச்ச மசாலா, ஒரே மாதிரி மண்சட்டி ரெண்டு. ஒண்ணு வெளிய விறகுல, ஒண்ணு உள்ள கேஸ்ல சிம்முல வெச்சு மெதுவா. எது எதுன்னு சொல்லாம ஒம்போது பேருக்குப் பரிமாறினோம். அஞ்சு பேர் தப்பாச் சொன்னாங்க. சித்தப்பா கேஸ்ல வெச்ச குழம்பைத் தொட்டு நக்கிட்டு, "இதுதாண்டா வெறகு வாசம்"னார். அவரை இன்னும் யாரும் விடல.

யோசிச்சா இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. மூடி வெச்ச சட்டிக்குள்ள புகை எப்படிப் போகும்? நாம விறகு ருசின்னு சொல்றது பாதி அம்மி ருசி, பாதி அவசரமில்லாத தணல் ருசி. தணல்ல ஒரு மணி நேரம் கெடந்த கறியையும், குக்கர்ல நாலு விசில் விட்ட கறியையும் ஒப்பிட்டுட்டு, பழியைக் கேஸ் மேல போடுறோம்.

ஆனா நேராத் தீயைப் பாக்குற பொருள்ல விறகுதான் ஜெயிக்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. சுட்ட கருவாடு, சுட்ட கத்திரிக்கா, பனங்கிழங்கு, கம்பிக்குத்துக் கறி. கறியில இருந்து கொழுப்பு சொட்டி நெருப்புல விழுந்து புகையா எழும்பி அந்தக் கறி மேலயே போய் ஒட்டுது பாருங்க, அந்த வாசம். கேஸ்லயும் கொழுப்பு சொட்டினா கொஞ்சம் புகையும், கட்டை எரியுற வாசம் மட்டும் வராது. கேஸ் அடுப்புல கத்திரிக்கா சுட்டா தோல் கருகும், அவ்வளவுதான்.

விறகு சும்மா கெடைக்குதுன்னு சொல்றோமே, அதையும் கணக்குப் போட்டேன். ஒரு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ். நல்லாக் காஞ்ச விறகு, கிலோவுக்குக் கிலோ பாத்தா, கேஸ்ல இருக்குற சூட்டுல மூணுல ஒரு பங்குதான். அதுலயும் மூணு கல் அடுப்புல 100-க்கு 10, 15 பங்கு சூடுதான் சட்டிக்குப் போகுது. மீதி அடுப்படிக்கும் ஊதுறவ மூஞ்சிக்கும். கேஸ் அடுப்புல 60-க்கு மேல சட்டிக்குப் போகும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யுற வேலைக்குச் சுமார் 200 கிலோ விறகு வேணும். தலைச்சுமை 20 கிலோன்னு வெச்சா பத்து நடை. வெட்டணும், முள்ளு கழிக்கணும், காய வைக்கணும், மழைக்கு முன்னாடி அடுக்கணும். இதை அம்மாவும் வீட்டுக்காரம்மாவும் செஞ்சதாலதான் நான் 'சும்மா'ன்னு சொன்னேன். கூலிக்கு ஆள் விட்டிருந்தா அந்த வார்த்தை வாயில வந்திருக்காது.

அதுக்காக கேஸ் வாங்காதவங்களைக் குறை சொல்றவன் இல்ல நான். சிலிண்டர் வீடு வந்து சேரும்போது ஏறக்குறைய 900 ரூபா. பில்லுக்கு மேல இறக்கு கூலின்னு தனியா வாங்குறாங்க, கேட்டா 'அப்ப வந்து எடுத்துக்கங்க'ங்கிறாங்க. நூறு நாள் வேலைக்குப் போற வீட்டுல 900 ரூபாயை ஒரே நாள்ல எடுத்து வைக்கிறது லேசில்ல. விறகுன்னா இன்னைக்கு ஒரு கட்டு, நாளைக்கு ஒரு கட்டு. அந்த வசதியைக் கேஸ் குடுக்காது. அதனாலதான் எங்க தெருவுல பாதி வீட்டுல ரெண்டு அடுப்பும் இருக்கு. மாசக் கடைசியில விறகுப் புகை கூடும்.

கேஸ் பயத்தையும் சொல்லிருறேன். அது காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட படியும். அதனால நாத்தம் வந்தா சுவிட்சுல கை வைக்காம, ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு சன்னலைத் தொறந்துட்டு வெளிய வாங்க. கசிவுக்கு 1906-க்கு அடிக்கலாம். ரப்பர் குழாயை அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், எலி கடிச்சா அன்னைக்கே. சிலிண்டர் கழுத்துப் பட்டையில ஏ-27, சி-28ன்னு எழுதியிருக்கும். ஏ-ன்னா ஜனவரி முதல் மார்ச், பி, சி, டி-ன்னு மும்மூணு மாசம், பக்கத்துல வருசம். அதுக்குள்ள அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்பணும்னு அர்த்தம். தேதி தாண்டினது வந்தா திருப்பி விடுங்க.

சரி, வீட்டுல என்ன பண்ணினோம்? சோறு, குழம்பு, இட்லி எல்லாம் உள்ள கேஸ்ல. விறகடுப்பை இடிக்கல, வெளிய கொண்டு போயிட்டோம். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல இடுப்பளவு சுவர், ரெண்டு பக்கம் தொறப்பு, மேல தகரம். குனிஞ்சு ஊத வேணாம்னு நின்னு எரிக்கிற உயரத்துல அடுப்பு. வெந்நீர், ஈன மாட்டுக்குக் கஞ்சி, பத்துப் பேருக்குக் களி கிண்டுறது எல்லாம் அங்க. கேஸ் அடுப்பு மேல பெரிய பானையை வெச்சுத் துடுப்பால களி கிண்டிப் பாருங்க, அடுப்பே நடந்து போகும்.

அம்மா ரொம்ப நாள் பேசல. அவங்க சொன்ன ஒரு குறைக்கு எங்கிட்ட பதில் கெடையாது. பழைய அடுப்புக்கு மேல சோளக்கதிரும் சுரைக்குடுக்கை விதையும் தொங்கும், புகையில வண்டு அண்டாது. இப்ப டப்பாவுல போட்டு வெச்ச விதையில போன வருசம் பாதி புழுத்துப் போச்சு. சாம்பலும் அப்படித்தான். அவரையில அசுவினி விழுந்தா காலைப் பனி ஈரத்தோட ஒரு கை சாம்பல் தூவுவோம். வெளிய அடுப்புச் சாம்பல் பத்தலைன்னு பக்கத்து வீட்டுல கேட்டு வாங்குறோம்.

அக்கா மகனுக்குச் சொன்ன பதில் இதுதான். மாசத்துக்கு ஒரு நாள் சுடுறதுக்கு கேஸ் பார்பிக்யூ எதுக்குடா, சமையல்கட்டுலயே கேஸ் இருக்கு. சின்னதா ஒரு கரி அடுப்பு வாங்கு. தீ எரியும்போது கறியை வைக்காதே; அரை மணி பொறுத்து, கரி மேல வெள்ளைச் சாம்பல் பூத்ததும் வை. பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட், அரளிக் குச்சி எதையும் உள்ள போட்றாதே. மழை வந்துருச்சுன்னு அடுப்பை ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போகாதே. கரியில இருந்து வர்ற விஷவாயுவுக்கு மணமும் கெடையாது, நெறமும் கெடையாது. குளிருக்கு உள்ள வெச்சுத் தூங்கினவங்க எந்திரிக்கலன்னு பேப்பர்ல வருதுல்ல. அப்புறம், அடுப்புக்கிட்ட நீதான் நிக்கணும். உன் பொண்டாட்டியைப் புகையில நிக்க விட்டுட்டு ருசியைப் பத்திப் பேசினேன்னு கேள்விப்பட்டா, நான் கெளம்பி வந்துருவேன்.

"சரி மாமா, அப்ப அங்க வெந்நீர் அடுப்பு யார் பத்த வைக்கிறா?"ன்னான் படுவா.

நான்தான். போன தையில இருந்து. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கலைன்னா அம்மா முந்திக்கிட்டுப் போய் உக்காந்துருவாங்க, அதனால நாலே முக்காலுக்கு அலாரம். முந்தாநேத்து மழையில மார் நனைஞ்சுபோய் தீயே பிடிக்கல. அரை மணி நேரம் ஊதினேன். கண்ணு எரிஞ்சு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமினேன். திண்ணையில இருந்து அம்மா, "தென்னம்பாளையை வெச்சுப் பத்த வைடா, இதுகூடத் தெரியல"ன்னாங்க.