கடைக் கணக்குக்கு எந்த மென்பொருள்?



“கடைக் கணக்கைக் கணினியில் ஏற்ற எண்ணியிருக்கிறோம். எந்த மென்பொருளை வாங்கலாம்?” என்று சிறு வணிகர் பலர் வினவுகின்றனர். இதைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்பதே முறை என்று நீங்கள் கருதலாம். அவரிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் இக்கேள்வியில் பாதி மார்க்கத்தைச் சார்ந்தது. அந்தப் பாதிக்கு அவரிடம் விடை இராது. விற்பனைப் பிரதிநிதி வந்தால் திரையில் வண்ண வண்ணமாகப் பில் அடித்துக் காட்டுவார். பில் அடிக்க எந்த மென்பொருளாலும் ஆகும். உங்கள் கணக்கு யார் யாருக்கு என்னென்ன விடை சொல்ல வேண்டும் என்பதை அவர் வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கலாகாது, எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகம் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று அவ்வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே உண்டு. நம் கடைகளிலோ நிலைமை தலைகீழ். ரொக்க விற்பனைக்கு அச்சடித்த பில். கடன் விற்பனைக்குச் சிகரெட் அட்டையின் பின்புறம்! (பாக்கி, வசூல் என்று நாம் அன்றாடம் சொல்லும் கணக்குச் சொற்களே அரபியிலிருந்து தமிழுக்கு வந்தவைதாம். சொல் வந்து சேர்ந்தது. பழக்கம் வந்து சேரவில்லை.)

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிற்றூரில் ஆயத்த ஆடைக் கடை. அண்ணன் ஆறு இலட்சமும் தம்பி நான்கு இலட்சமும் போட்டிருக்கிறார்கள். மூத்த சகோதரி, உம்மாவின் சொத்தில் தமக்குக் கிடைத்த இரண்டு இலட்சத்தையும் கடையில் கொடுத்து வைத்திருக்கிறார். தம்பி நாள் முழுதும் கடையில் நிற்கிறார். அண்ணன் கொள்முதலுக்குச் சென்று வருகிறார். பெருநாள் விற்பனையில் பாதி கடன். இருவரும் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்களில் பத்துக் கடைகளைப் பார்த்தால் அவற்றுள் பல ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

இக்கடைக்கு இரட்டைப் பதிவு முறையில் இயங்கும் ஒரு மென்பொருளை நிறுவுகிறோம் என்று கொள்ளுங்கள். சகோதரியின் இரண்டு இலட்சத்தைப் பதியும்போது அது உடனே ஒரு கேள்வி கேட்கும்: இத்தொகை முதலா, கடனா? எந்தத் தலைப்பின்கீழ் இக்கணக்கைத் திறப்பது? பேரேட்டில் பெயரை மட்டும் எழுதிக் காலத்தை ஓட்டியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். “ராத்தாவுக்கு மாதாமாதம் மூவாயிரம் கொடுத்து விடுகிறோமே, போதாதா?” என்பார்கள். கணக்கெழுத வரும் பையன் அதற்கு மறுபேச்சின்றி இரண்டு இலட்சத்தைக் கடன் என்றும், மூவாயிரத்தை வட்டிச் செலவு என்றும் பதிந்துவிட்டுப் போவான். அவன்மீது குற்றமில்லை. அவன் கண்டதைத்தான் எழுதினான். கடனாகப் பெற்ற தொகைக்கு மாதந்தோறும் நிர்ணயித்த தொகை கொடுத்தால் அதன் பெயர் வட்டியேதான். வாங்குபவர் சகோதரி என்பதால் பெயர் மாறிவிடாது.

அது கடன் என்றால், அசலை மட்டும் திருப்பித் தரும் கடமை உங்களுக்கு உண்டு. மேலதிகமாக எதையும் பேசி வைக்கலாகாது. கூட்டு முதல் என்றால், இலாபத்தில் இத்தனையில் ஒரு பங்கு என்ற விகிதம்தான் பேசலாம். மாதம் இத்தனை ரூபாய் என்று பேச இயலாது. நட்டம் வந்தால் அவரவர் முதலின் அளவுப்படி அதனைச் சுமக்கவும் வேண்டும். இலாப விகிதம் எப்படி அமையலாம் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூவாயிரத்தை நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. அதை இலாபத்தின்பேரில் முன்பணமாகக் கொடுத்து, ஆண்டு இறுதியில் உண்மையான இலாபத்தோடு நேர்செய்துகொள்ளலாம். அதற்கு ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி முதல் கணக்கும், தனித்தனி எடுப்புக் கணக்கும் திறக்கக்கூடிய மென்பொருள் வேண்டும். இதுவே தாளில் எழுத வேண்டிய முதல் நிபந்தனை. அண்ணன் கல்லாவிலிருந்து எடுத்த ஐந்நூறும் தம்பி எடுத்த ஐந்நூறும் அவரவர் பெயரில் ஏறும்போது, பத்தாண்டு கழித்து மூளக்கூடிய சண்டை ஒன்று அன்றே தணிந்துவிடுகிறது.

இரண்டாவது நிபந்தனை ஜகாத்தைச் சார்ந்தது. அரசாங்கத்தின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜகாத்தின் ஆண்டோ சந்திர ஆண்டு. 354 அல்லது 355 நாட்கள். மார்ச் முடிவுக் கணக்கைப் பார்த்தே ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு கொடுத்து வருபவர், 33 ஆங்கில ஆண்டுகளில் 34 ஹிஜ்ரி ஆண்டுகள் கடந்துவிடுவதை உணர்வதில்லை. ஒரு முழு ஆண்டின் ஜகாத் அவர் கையிலேயே நின்றுவிடுகிறது! எனவே நீங்கள் கேட்கும் எந்தத் தேதியிலும், அது ரமளான் பிறை ஒன்றாயினும் முஹர்ரம் பத்தாயினும், அன்றைய சரக்கிருப்பு, ரொக்கம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் ஆகியவற்றை மென்பொருள் காட்ட வேண்டும். மாத இறுதிக்கு மட்டுமே கணக்குக் காட்டும் பொருள் நமக்கு ஆகாது.

சரக்கின் மதிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. மென்பொருள்கள் பொதுவாகச் சரக்கிருப்பை வாங்கிய விலையின் சராசரியில் காட்டும். வியாபாரச் சரக்கின் ஜகாத்துக்கு அன்றைய சந்தை மதிப்பே கணக்கு. 300 ரூபாய்க்கு வாங்கிய சட்டை இன்று 450 ரூபாய்க்கு விலைபோகலாம். 800 ரூபாய்க்கு வாங்கி மூன்று பெருநாள் கடந்த சுடிதார் 250 ரூபாய்க்கும் போகாமல் கிடக்கலாம். முன்னதில் ஜகாத் குறைந்துவிடும். பின்னதில் தேவையின்றிக் கூடிவிடும். டாலி போன்றவற்றில் கடைசியாக விற்ற விலையில் சரக்கை மதிப்பிட்டுக் காட்டும் வசதி உண்டு. அதை எப்படி இயக்குவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அசையாத சரக்கை மட்டும் நீங்களே கையால் பிரித்து மதிப்பிடுவது நல்லது. அவ்வாறே, வரும் என்ற நம்பிக்கையுள்ள பாக்கியும் வராத பாக்கியும் சட்டத்தில் வேறு வேறு. எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று பிரித்துக் காட்டும் பட்டியல் அதற்கு உதவும்.

இனி எந்த மென்பொருள் என்று பார்ப்போம். கட்டாபுக் போன்ற கைப்பேசிச் செயலிகள் கடன் நோட்டுக்கு மாற்றாக எழுந்தவை. தெருமுனைப் பெட்டிக்கடைக்கும், வீட்டிலிருந்தே துணி விற்கும் தாய்மார்களுக்கும் அவை போதும். கூட்டாளிகளின் முதலையும் ஜகாத் கணக்கையும் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. வியாபார் என்னும் செயலி பில்லையும் சரக்கையும் பார்த்துக்கொள்ளும். தனி ஒருவரின் சிறு கடைக்குப் பொருந்தும். மருந்துக் கடைக்காரர்கள் காலாவதித் தேதி, தொகுதி எண் ஆகியவற்றுக்காக மார்க் என்பதை நாடுகின்றனர். மேற்சொன்ன ஆடைக் கடை போன்று கூட்டும் கடனும் சரக்கும் சேர்ந்த இடத்துக்கு டாலி, பிஸி, ஜோஹோ புக்ஸ் ஆகிய முழுமையான கணக்கு மென்பொருள்களே பொருத்தம் என்பது என் கருத்து. இவற்றில் டாலிக்கு ஒரு தனி வசதி: 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் அது, அதை இயக்கத் தெரிந்த பிள்ளைகள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். ஜோஹோ இணையத்தின் வழி இயங்குவது; வளைகுடாவில் இருக்கும் கூட்டாளி அங்கிருந்தே கணக்கைப் பார்க்கலாம். ஆனால் ஆண்டுச் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பழைய கணக்கைத் திறக்க முடியுமா, எல்லாவற்றையும் எக்ஸெல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் குனூகேஷ் என்னும் இலவச மென்பொருளைப் பரிசீலிக்கலாம். அதில் இந்திய வரிக்கான பில் எல்லாம் வராது. ஜகாத் நிதியையும் பொது நன்கொடையையும் கலவாமல் பிரித்து வைக்க அது தாராளமாகப் போதும்.

விலையை அஞ்சித் திருட்டுப் பிரதியை நிறுவிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் பரவலாக உண்டு. ஹலாலான வியாபாரத்தின் கணக்கைத் திருடிய பொருளில் எழுதுவதா? ஆக்கியோரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் கை வைக்கலாகாது என்று ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹ் சபை 1988இல் குவைத்தில் கூடியபோது தீர்மானித்துள்ளது. உலக நட்டமும் அதில் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு சேவை வரி விகிதங்கள் மாறின; 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு என்றாயிற்று. புதுப்பிப்பும் உதவியும் கிடைக்காத பிரதி வைத்திருப்பவர் இத்தகைய நேரத்தில் யாரைப் போய்க் கேட்பார்? தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்போரின் ஆண்டு விற்பனை பொதுவாக 40 இலட்சத்தைத் தாண்டினால்தான் இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளவர், வரி வசதிகளைக் காட்டி விற்கப்படும் விலை உயர்ந்த பதிப்பை வாங்கத் தேவையில்லை.

மேலும் இரண்டைக் கவனியுங்கள். தவணை தவறிய பாக்கிக்குத் தானாக வட்டி ஏற்றும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. முதல் நாளே அதை அணைத்து வையுங்கள். அடுத்தது, பதிந்ததை யார் எப்போது திருத்தினார், அழித்தார் என்ற தடத்தை மென்பொருள் காத்து வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு இது சட்டப்படி கட்டாயம். கூட்டு வியாபாரக் கடைகளுக்கு இச்சட்டம் இல்லையாயினும் அவ்வசதி உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று கேட்பீர்கள். அவர்களுக்குள் தேவைப்படாமல் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகளுக்குள் தேவைப்படும்.

கணக்கைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே என்ற நிலை ஆபத்தானது. கடன் விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள். கடனை அடைத்த பின்புதான் வாரிசுகளுக்குப் பங்கு. வணிகர் ஒருவர் திடீரென மரணித்துவிட்டால், இத்தாவில் இருக்கும் மனைவியிடம் “மாப்பிள்ளை எனக்கு எண்பதாயிரம் தர வேண்டும்” என்று ஒருவர் வந்து நிற்பார். அது மெய்யா பொய்யா என்று அவர் எதைக் கொண்டு அறிவார்? கணக்கோ கடவுச்சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும். ஆகவே தமிழில் திரை காட்டும் வசதி உள்ளதா என்று பாருங்கள், டாலியில் உண்டு. மனைவியோ மகளோ மகனோ, வீட்டில் ஒருவர் பாக்கிப் பட்டியலைத் திறந்து பார்க்கப் பழக வேண்டும். மாதம் ஒருமுறை வர வேண்டியது, தர வேண்டியது இரண்டையும் அச்செடுத்துத் தேதியிட்டுக் கையொப்பமிட்டு வீட்டு அலமாரியில் வையுங்கள். கணக்கின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து, கடையில் அன்றி வீட்டில் வையுங்கள். கடைக்கு வரும் தீ கணினியை மட்டும் விட்டுவிடாது.

மாறுவதற்கு ஏற்ற நாள் ஏப்ரல் 1. அதற்கு முந்திய மூன்று மாதம் சோதனைப் பதிப்பில் உங்கள் கடையின் உண்மையான பில்களையே பதிந்து பழகுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் சில நாட்களுக்கேனும் இலவசமாகத் தருகின்றன. பேரேட்டிலிருந்து தொடக்க இருப்பை ஏற்றும்போது, ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாக்கியையும் அவரிடமே சொல்லி, அவர் வாயால் சரியென்று கேட்டு, ஒரு தாளில் கையொப்பமும் பெற்ற பிறகு பதியுங்கள். கடன்பட்டவரே வாசகம் சொல்ல வேண்டும் என்ற கட்டளைக்கு இதைவிட நெருங்கிய வழி எனக்குத் தெரியவில்லை. சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்தவர்கள், ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகையால் பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிடாமல், கையொப்பம் பெற்ற தாள்களையும் அவற்றோடு சேர்த்துக் கட்டிப் பரணில் ஏற்றுங்கள்.