புதிய பதிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் செல்லும் வீதியில், வாவியோரம் இருக்கும் தன்னாமுனையில் மூன்று இளைஞர்கள் மீன் வியாபாரிகளுக்கான கணக்குச் செயலி ஒன்றைத் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் விரைவிலேயே சந்திக்கும் கேள்வி: புதிய பதிப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியிடுவது?

'அடிக்கடி வெளியிடு' என்பதே இன்று மென்பொருள் துறையில் ஓங்கி ஒலிக்கும் பதில். ஃபயர்பொக்ஸ் உலாவி 2011இல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற முறைக்கு மாறியது. 2020இல் அதை நான்கு வாரமாகக் குறைத்தது. இதில் நியாயம் உண்டு. பத்து மாற்றங்களை ஒன்றாக வெளியிட்டுப் பிழை வந்தால், எதனால் வந்தது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. 2025 செப்டெம்பர் இறுதியில், சோஹோவின் 'அரட்டை' செயலியில் புதிதாக இணைவோர் மூன்றே நாட்களில் நாளொன்றுக்கு 3,000இலிருந்து 350,000 ஆக உயர்ந்ததாக ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். பெரிய வெளியீட்டை அவர்கள் திட்டமிட்டிருந்ததோ நவம்பருக்கு. அதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது.

ஆனால் வேகம் மட்டும் போதாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. 78 நிமிடங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. என்றாலும் முடங்கிய கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் சென்றே சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த அப்டேட்டைப் படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பியதே சேதத்தைப் பெருக்கியது.

ஆகவே 'எத்தனை நாள்' என்பதற்கு முன் கேட்க வேண்டியது, 'பிழைத்தால் எவ்வளவு விரைவாகத் திரும்பலாம்?' என்பதுதான். நிறுவனத்தின் சேர்வரில் செய்யும் மாற்றத்தை நிமிடங்களில் மீட்கலாம். அதைத் தினமும் செய்யலாம். தொலைபேசியில் இறங்கிவிட்ட பதிப்பு அப்படியல்ல. பிளே ஸ்டோரில் வெளியீட்டை இடையில் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே இறக்கியவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது. அங்கே மாதம் ஒருமுறை போதும். அதையும் முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் குறைபாட்டைச் சரிசெய்வது மட்டும் உடனே போக வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அப்டேட்டுக்கான டேட்டாவுக்குப் பணம் கொடுப்பவர் பாவனையாளர்தான். விலை குறைந்த தொலைபேசி, கையிருப்பில் சிறிதளவு டேட்டா என்று இருப்பவரை வாராவாரம் அப்டேட் கேட்டால், அவர் செயலியையே அழித்துவிடுவார். அதிகாலையில் தோணிகள் கரைசேரும் நேரம் செயலி திறக்காவிட்டால், மறுநாள் அவர் கையில் பழைய கொப்பிதான் இருக்கும். பெரிய நிறுவனம் ஒரு தவறைத் தாங்கும். மூன்று பேரின் நிறுவனத்துக்கு இருப்பது அந்த ஒரு கரையின் நம்பிக்கை மட்டுமே.