பழி சொல்ல முன் சிந்திப்போம்



அண்மையில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி கடும் இரத்தப் புற்றுநோயால் வஃபாத்தானவர். "ஹஸரத், மகளுக்குப் பேசி வந்த கலியாணம் நின்றுபோய்விட்டது. உம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்கிறார்கள். அப்படியா?" என்று கண் கலங்கினார்.

அறியாத விடயத்தில் நாவை அடக்கச் சொல்கிறது மார்க்கம். எனவே அறிந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன்.

நமது குருதிக் கலங்கள் என்பு மச்சையில் உற்பத்தியாகின்றன. ஒரு கலத்தின் பரம்பரை அலகில் நேரும் பிழையை விகாரம் என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோயில், சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் என்.பி.எம்.1 என்ற அலகில் விகாரம் இருப்பதை 2005இல் இத்தாலிய அறிஞர்கள் கண்டறிந்தார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள சாங்கர் ஆய்வு நிறுவனத்தார் அதே விகாரத்தைச் சுண்டெலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, மூன்றில் ஒரு பங்கு எலிகளுக்கு மட்டுமே, அதுவும் நெடுநாட்களின் பின்னரே, நோய் வந்தது. எப்.எல்.ரி.3 என்ற இன்னோர் அலகில் விகாரம் இருந்தால் குருதிக் கலங்கள் மிதமிஞ்சிப் பெருகும்; ஆனால் அது தனித்து நின்று கடும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. இரண்டையும் ஒரே எலியில் சேர்த்தபோதோ, சில வாரங்களிலேயே எல்லா எலிகளும் நோயுற்றன. இது 2013இல் வெளியானது.

இதிலிருந்து விளங்குவது என்ன? ஒரு பிழை மட்டும் போதாது; பிழைகள் ஒன்றோடொன்று கைகோர்க்க வேண்டும். எலிகளில் ஆய்வாளர் வேண்டுமென்றே சேர்த்த இவ்விரு விகாரங்களும் நோயாளியிடத்தில் பிறப்போடு வருவனவல்ல. வாழ்நாளில் என்பு மச்சையின் ஏதோவொரு கலத்தில் நேர்பவை. அவை உம்மாவிடமிருந்து பிள்ளைக்குச் செல்வதில்லை. மிகச் சில குடும்பங்களிலேதான் இந்நோய்க்கான பரம்பரைச் சாய்வு உண்டு. அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். பக்கத்து வீட்டார் அல்லர்.

நோயை அந்தக் குடும்பத்தின் பாவம் என்பதும் தவறு. முஃமினுக்கு வரும் நோய் பாவங்களைக் கழுவும் என்றல்லவா நாம் படித்திருக்கிறோம்?

தாயை இழந்த பிள்ளையின் வாழ்வை ஆதாரமற்ற பேச்சால் கெடுப்பது பெரும் அநியாயம். நாளை மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மார்க்கப்பற்றையும் நற்குணத்தையும் பார்க்கட்டும்.

அப்பிள்ளைக்கு வல்ல நாயன் ஸாலிஹான கணவனைக் கொடுத்தருள்வானாக! ஆமீன்.