பரம்பரை நோயும் பரம்பரைப் பழியும்

"அவையின்ரை பகுதியிலை விசர் ஓடுதாம்." இவ்வொரு சொல்லால் சென்ற ஆண்டு ஒரு விவாகம் நின்றது. மணமகள், என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவனின் தங்கை. சாதகம் பொருந்தியது, சீதனமும் பேசி முடிந்தது. பின்னரே, அவளின் சிறிய தாயார் பல்லாண்டாக மனநோய்க்கு மருந்துண்பவர் என்பது தரகர் வாயிலாக வெளிப்பட்டது. மணமகன் வீட்டார் படித்தவர்கள். "பரம்பரை நோய் எண்டு விஞ்ஞானமே சொல்லுது, மாஸ்டர்" என்று எனக்கும் விளக்கினார்கள்.

விஞ்ஞானம் கூறுவது யாது என்று தமிழாசிரியனாகிய யான் ஆராயப் புகுந்தது அதன் பின்னரே. எம் கல்லூரியிற் பயின்று இன்று வைத்தியராய் விளங்கும் அன்பர்கள் பிழை காணின் பொறுத்தருள்க.

உளப்பிளவு நோய், அஃதாவது ஸ்கிசோபிரினியா, ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவரைப் பற்றுவது. அது சில குடும்பங்களில் தொடர்கின்றது என்பது மெய்யே. தொடர்வது பிறப்பாலோ வளர்ப்பாலோ என்பதே நெடுநாள் வழக்காயிருந்தது. 1948 இல் பிரீடா புரொம்-றைக்மன் என்னும் உளமருத்துவ அம்மையார் 'நோயை விளைவிக்கும் தாய்' என்றொரு தொடரையே ஆக்கினார். பிள்ளையின் நோயாற் புண்பட்ட தாய்மார் அப்பழியையும் சேர்த்துச் சுமந்தனர்.

1966 இல் லெனாட் ஹெஸ்டன் என்பார் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மனநோய் மருத்துவமனைகளில் இந்நோயுற்றிருந்த தாய்மாருக்குப் பிறந்து, சில நாள்களுள் பிரிக்கப்பட்டுப் பிறரிடம் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அவ்வாறே வளர்ந்த 50 பேரோடு அவர்களை ஒப்பிட்டார். பின்னவருள் ஒருவரும் இந்நோயுறவில்லை. முன்னவருள் ஐவர் உற்றனர். தாயின் வளர்ப்பே காரணம் என்ற கொள்கை அதனால் தளர்ந்தது.

மணமகன் வீட்டார் இவ்விடத்திலேயே நூலை மூடிவிடுகின்றனர். எஞ்சிய 42 பேர் என்னாயினர்? அவர்களுட் சிலருக்கு வேறு இடர்ப்பாடுகள் இருந்தன, அதனை மறைக்கலாகாது. ஆயினும் 47 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நல்வாழ்வு வாழ்ந்தனர். அவர்கள் மற்றைத் தொகுதியினரினும் துடிப்புடையவராய், ஆக்கத்திறன் வேண்டும் தொழில்களில் இருந்தனர் என்று ஹெஸ்டனே எழுதியுள்ளார். இவர்களோ நோயுற்ற தாயின் சொந்தப் பிள்ளைகள். சிறிய தாயார் என்பது இதனினும் ஒருபடி விலகிய உறவு. அதுமட்டுமன்று; ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவர் நோயுறின், மற்றவர் நோயுறாதிருப்பதே பெரும்பான்மை.

2022 இல், 76,000க்கு மேற்பட்ட நோயாளரின் பரம்பரை அலகுகளை ஆராய்ந்தோர் நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டனர். இவற்றுட் காணும் பொதுவான வேறுபாடுகளில் ஒவ்வொன்றும் நோயின் வாய்ப்பை மிகச் சிறிதே கூட்டுவது. நோயற்ற நம்மிடத்தும் அவற்றுட் பல உள்ளன. விசர் ஓடும் பகுதி, ஓடாப் பகுதி என்று ஊரைப் பிரிக்கும் கோடு எதனையும் அங்கே காணோம்.

ஆராய்ச்சியைக் கண்டு அஞ்சுவோரையும் நான் குறைகூறேன். இந்நோய் எளிய விதியொன்றின்படி இறங்குவதன்று என 1916 இல் குடும்பங்களை ஆராய்ந்து கண்ட ஏர்ணஸ்ட் றூடின், 1933 இல் ஜேர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்குத் துணைநின்றார். அச்சட்டம் பெயர் சுட்டிய நோய்களுள் இதுவும் ஒன்று. தம் கணக்கைத் தாமே மதியாத ஆய்வாளர்!

ஆயினும் வாய்மூடியிருத்தல் அதற்கு மருந்தாகாது. தமிழ்நாட்டில் நோயாளரும் உறவினரும் முன்வந்து குருதி கொடுத்தமையாலேயே, அங்குள்ள மருத்துவர்களும் அவுஸ்திரேலிய ஆய்வாளரும் கூடிச் செய்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. நம் வீடுகளிற் கேட்பின், அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்பார்கள்.

விவாகத்துக்கு முன் கேட்கலாகாதோ எனின், கேட்கலாம்; தரகரிடமன்று, வைத்தியரிடம். அச்சிறிய தாயாரை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவள் இன்றும் அந்தத் தங்கைதான். புதிய சம்பந்தம் பேச எவரேனும் வருகின்ற நாளில் மட்டும் அவரைப் பின்னறையில் இருத்துகின்றார்கள்.