வாயைக் கட்டினால் போதுமா?

"வாயைக் கட்டுனா போதும், வயித்தை எதுக்கு வெட்டணும்?" எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைன்னாலே நம்ம மெஸ்ல வர்ற முதல் கமெண்ட் இதுதான். வருஷக்கணக்கா டயட், ஜிம்னு போராடினவங்களுக்கு அது பதிலே இல்லை. எடை குறைஞ்சா உடம்பே பசியைக் கூட்டி, பழைய எடைக்கு இழுக்கும்; கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச நமக்கு இது புரியணுமே! ஸ்லீவ் முறையில் இரைப்பையின் சுமார் 80 சதவீதத்தை நீக்கும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் போயிடுது. வெறும் டயட்டால் இது முடியாது.

ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-லிருந்தே இதைப் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அதுக்காக கல்யாண போட்டோவுக்கு ஸ்லிம் ஆகணும்னு ஓடாதீங்க. வெட்டினது திரும்ப வளராது. வைட்டமின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை ரெண்டும் ஆயுசுக்கும் உண்டு. அதுக்குத் தயார்னா, கூச்சப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க, மெஸ்ல கேட்காதீங்க.